அதே மலையைப் பத்தாயிரம் தடவை வரைவது எப்படி

1914-ல் வந்த 'கெர்ட்டி தி டைனோசர்' படம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் தடவை கெர்ட்டியைப் பாருங்கள், அவளைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. இரண்டாவது தடவை அவளை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் மலையையும் பாறையையும் ஏரிக்கரையையும் மட்டும் பாருங்கள். எல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும். பிரிண்ட் பழசானதால் வந்த கோளாறு கொஞ்சம் உண்டுதான், ஆனால் நான் சொல்வது வேறு. படத்தை நிறுத்திவிட்டு கீபோர்டில் கமாவையும் புள்ளியையும் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னும் பின்னும் நகரும். அப்படி நகர்த்திப் பார்த்தால் மலையின் கோடு இங்கே மயிரிழை மேலே, அடுத்ததில் மயிரிழை கீழே. பாறையில் இருக்கும் விரிசல் ஒன்றில் கொஞ்சம் நீளம், இன்னொன்றில் கொஞ்சம் குட்டை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. அந்த மலையை ஒவ்வொரு தாளிலும் ஒருவர் உட்கார்ந்து புதிதாக வரைந்திருக்கிறார்.

அவர் பெயர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். இந்தப் படத்தைச் செய்த வின்சர் மெக்கேயின் அண்டை வீட்டு இளைஞர், ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். மெக்கே மெல்லிய ரைஸ் பேப்பரில் கெர்ட்டியை வரைந்து கொடுப்பார். இவர் அதே தாளில் அதே மலையை, அதே பாறையை, அதே ஏரிக்கரையை மூலப்படத்தின் மேல் வைத்து ட்ரேஸ் செய்வார். அப்புறம் அடுத்த தாள். மெக்கே விளம்பரத்தில் சொன்ன கணக்கு 10,000 ஓவியங்கள். விளம்பரக் கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், ஒரே மலையை ஆயிரக்கணக்கான தடவை வரைந்த அந்தப் பையனின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கார்ட்டூன் படங்களின் ஆரம்ப வரலாற்றை எடுத்தாலே 'யார் முதல்' என்ற சண்டையில் போய் நின்றுவிடுகிறார்கள். பிரான்ஸ்காரர் ஒரு பெயர் சொல்வார், அமெரிக்கர் ஒரு பெயர் சொல்வார், நம் ஊர் வினாடி வினாவில் டிஸ்னி என்று சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. நான் பார்த்தவரை இந்த முதல் முப்பது, நாற்பது வருடக் கதை முழுக்க ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: ஒரு தடவை வரைந்ததை மறுபடி வரையாமல் எப்படித் தப்பிப்பது? தப்பிக்க வழி கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் சம்பாதித்தார்கள், தப்பிக்காமல் உட்கார்ந்து வரைந்தவர்களின் பெயர் ஒவ்வொரு கண்டுபிடிப்போடும் இன்னும் கொஞ்சம் பின்னால் போனது. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலும் இப்படித்தான்.

தப்பிக்கவே நினைக்காத ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். எமில் ரேனோ. 1877-ல் பிராக்ஸினோஸ்கோப் என்று ஒரு பொம்மை செய்தார்: வட்டமான பெட்டி, உள்சுவரில் பன்னிரண்டு படங்கள், நடுவில் சுழலும் கண்ணாடிகள். சுற்றினால் குதிரை ஓடும், குழந்தை ஊஞ்சலாடும், ஆனால் பன்னிரண்டு படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ரேனோவுக்கு அது போதவில்லை, கதை சொல்லவேண்டும். அதற்காக நீளமான ஒரு பட்டையைச் செய்து, அதில் சிறு சிறு சதுரங்களாகப் படங்களைப் பொருத்தி, ஓரத்தில் துளைகள் போட்டு, சக்கரத்தில் மாட்டி, பின்னாலிருந்து விளக்கடித்துத் திரையில் காட்டினார். தியேட்டர் ஆப்டிக் என்று பெயர் வைத்து 1888-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். 1892 அக்டோபர் 28 அன்று பாரிஸில் மியூசே கிரெவென் என்ற மெழுகு பொம்மைக் காட்சியகத்தில் முதல் காட்சி. லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டியது 1895 டிசம்பரில். அதற்கு மூன்று வருடம் முன்பே பாரிஸ்காரர்கள் டிக்கெட் எடுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 28-ஐத்தான் இப்போது உலக அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்தக் காட்சியில் கேமரா என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு படமும் ரேனோ தன் கையால் ஜெலட்டின் துண்டில் வர்ணம் தீட்டியது. 'போவ்ர் பியெரோ' என்ற கதைக்கு 500 படங்கள், பட்டையின் நீளம் 36 மீட்டர். இன்றைய கணக்குப்படி 500 படத்தை ஓட்டினால் அரை நிமிடம்கூட வராது. ரேனோ அதைப் பத்து, பதினைந்து நிமிடம் காட்டினார். எப்படி என்றால் அவரே திரைக்குப் பின்னால் நின்று இரண்டு கைப்பிடிகளைச் சுற்றுவார். பியெரோ சுவர் ஏறிக் குதிப்பார், ரேனோ பட்டையைப் பின்னால் சுற்றுவார், பியெரோ மறுபடி ஏறுவார். கூட்டம் சிரித்தால் இன்னொரு தடவை. ஒரு பாட்டு வந்தால் பட்டையை நிறுத்திவைத்துப் பாட்டு முடியக் காத்திருப்பார். கூடவே பியானோ வாசிப்பவர் ஒருவர். எடுத்துவைத்த படத்தை ஓட்டுவது என்பதைவிட ஒவ்வொரு காட்சியையும் அன்றன்றைக்குக் கையால் நடத்துவது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். 1900 வரை இப்படி நடத்தினார், மொத்தம் ஐந்து லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு பட்டை. பிரதி எடுக்க வழியில்லை. கிழிந்தால் அவரே ஒட்டவேண்டும், மங்கினால் அவரே மறுபடி வர்ணம் பூசவேண்டும், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் காட்சி நடத்த வேறு கை கிடையாது. லூமியேரின் படமோ ஒரே நேரத்தில் பாரிஸிலும் லண்டனிலும் பம்பாயிலும் ஓடும். வேறு என்ன ஆகும்? 1910-க்குப் பிறகு ஒரு கட்டத்தில் மனமொடிந்து கருவியை உடைத்தார், பட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய் சேன் ஆற்றில் போட்டார். 1918 ஜனவரியில் பாரிஸுக்கு வெளியே ஓர் ஆதரவு இல்லத்தில் இறந்தார். இரண்டு பட்டைகள் மட்டும் தப்பியிருக்கின்றன, 'போவ்ர் பியெரோ' அதில் ஒன்று.

நடுவில் ஜே. ஸ்டுவர்ட் பிளாக்டனைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் வைட்டாகிராஃப் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், மேடையில் மடமடவென்று ஆள் முகத்தை வரைந்து காட்டும் வித்தைக்காரர். 1906-ல் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு முகம் வரைந்து, ஒரு ஃப்ரேம் எடுத்து, கொஞ்சம் அழித்து, கொஞ்சம் வரைந்து, இன்னொரு ஃப்ரேம் எடுத்து ஒரு சின்னப் படம் செய்தார். கேமராவைக் கொண்டு வரைபடத்தை நகர்த்தலாம் என்று காட்டிவிட்டார், சில வருடத்தில் அவருக்கு ஆர்வம் விட்டுப்போய் நடிகர்களை வைத்துப் படமெடுக்கப் போய்விட்டார். அந்தப் படத்தை இன்று பார்த்தால் சாக்பீஸ் அழித்த மிச்சம் பலகையில் தெரிகிறது. எனக்கு அதுதான் பிடித்த பகுதி.

எமில் கோல் வேறு ரகம். 1857-ல் பிறந்தவர், நிஜப்பெயர் எமில் கூர்த்தே, கேலிச்சித்திரக்காரர். கோமோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. 1908 ஆகஸ்டில் 'ஃபான்டாஸ்மகோரி' வெளியானது. 700 ஓவியங்கள். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்து, அதன் மேல் ஒரு தாள், அதன் மேல் இன்னொரு தாள், கீழே தெரிகிற கோட்டைப் பார்த்து மேலே கொஞ்சம் மாற்றி வரைவது. இன்றும் கையால் அனிமேஷன் செய்கிறவர்கள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு ஃப்ரேமாக எடுத்தார், அதாவது 700 தாளில் 1,400 ஃப்ரேம், வினாடிக்கு 16 என்று ஓட்டினால் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வேலை மிச்சம், கண்ணுக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அப்புறம் வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் வரைந்ததை நெகட்டிவாகவே காட்டினார், கறுப்புத் திரையில் வெள்ளைக்கோடு ஓடும். பார்ப்பதற்குக் கரும்பலகையும் சாக்பீஸும் போலவே இருக்கும், பிளாக்டன் படத்தை அவர் பார்த்திருக்கவேண்டும் என்று பலர் சொல்வது இதனால்தான்.

அவர் கண்டுபிடித்த இன்னொரு சிக்கனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். படத்தில் பின்னணியே கிடையாது! மலையில்லை, வீடில்லை, தரைகூட இல்லை. கோட்டால் ஆன ஒரு கோமாளி, அவ்வளவுதான். பின்னணி இல்லாததால் எதை வேண்டுமானாலும் எதுவாகவும் மாற்றலாம்: புட்டி பூவாகும், பூவின் தண்டு யானையின் தும்பிக்கையாகும், யானை வீடாகும், கோமாளி அந்த வீட்டுக்குள் இருப்பான். கொட்டகையில் முன்வரிசையில் பெரிய இறகுத் தொப்பியோடு ஒரு அம்மா வந்து உட்கார்ந்து திரையை மறைக்கிறார், பின்னால் இருக்கிறவர் ஒவ்வொரு இறகாகப் பிடுங்குகிறார் (இந்தப் பிரச்சினை 1908-லேயே இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்). வறுமையை அழகாக்குவது என்றால் இதுதான். பின்னால் வந்த பலர் பின்னணியை எப்படி மலிவாக வரைவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள், கோல் அதை வரையவே இல்லை.

1912-ல் எக்லேர் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது, நியூ ஜெர்ஸியின் ஃபோர்ட் லீக்கு. ஹாலிவுட் வருமுன் படத்தொழில் இருந்த ஊர் அது. அங்கே ஜார்ஜ் மெக்மானஸ் என்பவரின் பத்திரிகைக் காமிக்ஸ் ஒன்றை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் செய்தார். செய்தது முழுக்க கோல், விளம்பரத்தில் பெரிதாக வந்தது மெக்மானஸின் பெயர். 1914 மார்ச்சில் அந்த ஸ்டூடியோவில் தீப்பிடித்து அவருடைய அமெரிக்க வேலையில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. கடைசிக் காலத்தில் கையில் காசில்லை, மெழுகுவத்தித் தீ தாடியில் பற்றி மருத்துவமனைக்குப் போனவர் 1938 ஜனவரி 20 அன்று இறந்தார். மறுநாளே ஜார்ஜ் மெலியேவும் போய்விட்டார். பிரெஞ்சு சினிமாவின் இரண்டு பெரிய மந்திரவாதிகள், ஒரே ஜனவரியில் அடுத்தடுத்த நாள்.

சரி, மெக்கேவுக்கு வருவோம். அவர் நியூயார்க் பத்திரிகைகளில் நட்சத்திர ஓவியர், காசுக்குக் குறைவில்லை, அதனால் பிழைப்புக்காக அனிமேஷனுக்கு வந்தவர் இல்லை. 1911-ல் 'லிட்டில் நீமோ'வுக்கு 4,000 ஓவியங்கள், 1912-ல் கொசு ஒன்று தூங்குகிறவன் முகத்தில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் படத்துக்கு 6,000. மக்கள் என்ன சொன்னார்களாம் தெரியுமா, கம்பி கட்டி இழுத்திருப்பான் என்று. அதனால்தான் உலகத்தில் இல்லாத ஒரு விலங்கை எடுத்துக்கொண்டார். டைனோசரைக் கம்பி கட்டி இழுக்கமுடியாதே.

1914 பிப்ரவரியில் சிகாகோ மேடையில் கெர்ட்டி அறிமுகம். மெக்கே கையில் சவுக்கோடு திரைக்குப் பக்கத்தில் நின்று 'வா கெர்ட்டி' என்று கூப்பிடுவார், பாறைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டும், கூச்சப்பட்டு வரும். வலது காலைத் தூக்கு, இடது காலைத் தூக்கு என்பார். அது சொல்பேச்சு கேட்காமல் அவரைக் கடிக்கப் போகும், அவர் அதட்டுவார், பெரிய குழந்தை மாதிரி அழும். அழுவதைச் சமாதானப்படுத்த ஒரு ஆப்பிளை எறிவார்: நிஜ ஆப்பிள் அவர் கைக்குள் மறைந்துவிடும், வரைந்த ஆப்பிள் திரையில் கெர்ட்டியின் வாயில் விழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னால் நடந்து போவார், அதே நொடியில் வரைந்த மெக்கே திரைக்குள் நடந்து வந்து கெர்ட்டியின் மேல் ஏறிப் போவார். ரேனோ கைப்பிடியைச் சுற்றி ரசிகர்களோடு பேசினார் என்றால், இவர் வாயாலேயே பேசினார். படம் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ எல்லாம் கெட்டுவிடும், தினமும் இரண்டு தடவை இதைச் செய்தவரின் நிதானத்தை நினைத்துப் பாருங்கள்.

கெர்ட்டி சும்மா நிற்கும்போதுகூட அதன் வயிறு ஏறி இறங்கும். அந்த மூச்சுக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும் என்று கண்டுபிடிக்க மெக்கே கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு தானே மூச்சை இழுத்து விட்டுக் கணக்கெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைவிட முக்கியமான தந்திரம் ஒன்று உண்டு. ஓர் அசைவை முதலிலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போகாமல், ஆரம்பத்தை வரைந்து, முடிவை வரைந்து, பிறகு சரியாக நடுவை, பிறகு அந்தப் பாதிகளின் நடுவை என்று நிரப்புவார். வரிசையாகப் போனால் விலங்கு கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியோ சுருங்கியோ நேரம் தப்பியோ போய்விடும், இப்படிச் செய்தால் போகாது. ஆடுவது, மூச்சு விடுவது போன்றவற்றுக்கு வரைந்த தாள்களையே மறுபடி மறுபடி படம் பிடித்தார். பின்னால் ஸ்டூடியோக்களில் பெரிய ஓவியர் முக்கிய நிலைகளை வரைந்துவிட்டு நடுவிலுள்ளதை உதவியாளர்களிடம் தள்ளிவிடும் வழக்கத்துக்கு விதை இங்கேதான் இருக்கிறது. இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கச் சொன்னவர்களிடம் மெக்கே மாட்டேன் என்றார், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்ற கட்சி.

யார் வேண்டுமானாலும் என்றால் யாரோ ஒருவர் வரத்தானே செய்வார். பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார், மெக்கே உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் காட்டினார். வந்தவர் ஜான் ராண்டால்ஃப் பிரே. சில காலத்தில் அவர் அந்த முறைகளுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு, மெக்கே மேலேயே வழக்குப் போட்டார்! கோர்ட்டில் மெக்கே பக்கம்தான் வென்றது, பிரே அவருக்குப் பல வருடம் ராயல்டி கட்டவேண்டி வந்தது. ஆனாலும் என்ன துணிச்சல். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் மேலேயே கேஸ்.

பிரேயைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், சுலபம். ஆனால் மெக்கே யோசிக்காத ஒன்றை அவர் யோசித்தார். மெக்கேவுக்கு அனிமேஷன் ஒரு கலைஞனின் சாதனை. பிரேக்கு அது வாராவாரம் கொட்டகைக்கு அனுப்பவேண்டிய சரக்கு. அந்த ஃபிட்ஸ்சிம்மன்ஸின் மலைதான் அவர் கண்ணை உறுத்தியது. முதலில் பின்னணியை ஒரே ஒரு தடவை வரைந்து, அதையே நிறைய மெல்லிய தாள்களில் அச்சடித்துவிட்டு, கதாபாத்திரம் வருகிற இடத்தில் மட்டும் சுரண்டிவிட்டு வரைந்தார்கள். 1914 கடைசியில் எர்ல் ஹர்ட் என்பவர் இதைவிட நல்ல வழியோடு வந்தார்: பின்னணி அடியில் ஒரே ஒரு ஓவியமாக இருக்கட்டும், அசைகிறதை மட்டும் கண்ணாடி மாதிரி அடியில் இருப்பது தெரிகிற செல்லுலாய்டுத் தாளில் (சுருக்கமாக 'செல்') வரைந்து மேலே வையுங்கள். அவ்வளவுதான் விஷயம். மலையை ஒரு தடவை வரைந்தால் போதும், இனி அது நடுங்காது. பிரேயும் ஹர்ட்டும் காப்புரிமைகளைச் சேர்த்து ஒரு கம்பெனியாக்கினார்கள், 1932-ல் காலாவதியாகும்வரை செல் வைத்துப் படமெடுக்க நினைத்த ஸ்டூடியோக்கள் அவர்களிடம் லைசன்ஸ் வாங்கவேண்டியிருந்தது.

செல் என்றால் லேசாக நினைக்கவேண்டாம். அந்தக் காலத்துச் செல்லுலாய்டு நைட்ரேட்டில் செய்தது, எளிதில் தீப்பிடிக்கும், விரல் பட்டால் ரேகை விழும். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வர்ணம், அப்போதுதான் கோட்டின்மேல் வர்ணம் ஏறாது. தாள் கண்ணாடி மாதிரி என்று பெயர்தானே தவிர, நான்கைந்தை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அடியில் இருப்பது கொஞ்சம் மங்கித்தான் தெரியும். ஒரு காட்சியில் மூன்று அடுக்கு என்றால் எதுவும் வரையாத வெற்றுத்தாளையாவது வைத்து அதை மூன்றாகவே வைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் பின்னணி திடீரென்று வெளுத்துவிடும். விலையும் அதிகம். அதனால் படம் எடுத்து முடிந்ததும் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்தக்கால மூலச் செல்கள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைசன்ஸ் வாங்க மனமில்லாதவர்களும் இருந்தார்கள். கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து வந்த ரௌல் பாரே 1914 வாக்கில் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோ போட்டார். அவர் தாளையே கிழித்தார்: அசையாத பகுதியை ஒரு தாளில் விட்டுவிட்டு, அசையும் பகுதியை இன்னொரு தாளில் வரைந்து, மேலே இருக்கும் தாளில் தேவையில்லாத இடத்தைக் கிழித்துவிட்டுக் கீழே இருப்பது தெரிகிற மாதிரி வைப்பது. இதெல்லாம் போய்விட்டது, ஆனால் பாரே செய்த இன்னொன்று போகவில்லை. தாள்களின் ஓரத்தில் துளை போட்டு, மேஜையில் இரண்டு முளைகளில் மாட்டினார். அதற்கு முன்னால் மூலையில் சிலுவைக்குறி போட்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மெக்கேயும் அப்படித்தான். இரண்டு துளை, இரண்டு முளை, தாள் எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் உட்காரும். இவ்வளவு சின்ன விஷயம் இல்லாமல் இவ்வளவு பேர் எப்படிச் சமாளித்தார்கள் என்றே எனக்கு ஆச்சரியம்.

வரையாமல் தப்பிக்க இன்னொரு வழி, நிஜ மனிதனைப் பார்த்து ட்ரேஸ் செய்வது. மாக்ஸ் ஃப்ளைஷர் தம்பி டேவுக்குக் கோமாளி வேஷம் போட்டு மொட்டைமாடியில் ஆடவிட்டு, எடுத்த படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடியில் காட்டி அதன்மேல் வரைந்தார். 1917-ல் காப்புரிமை. வேலை மிச்சமாகும் என்று நினைத்தது, முதல் சோதனைப் படமே ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தது! ஆனால் அந்தக் கோமாளியின் நடையில் இருக்கும் வழுக்கல் அதற்கு முன் யாரிடமும் இல்லை.

அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி அட்டையை வெட்டி மூட்டு வைத்து நகர்த்தி, 1917-ல் அதிபர் இரிகோயனைக் கிண்டல் செய்து முழுநீளக் கார்ட்டூனே எடுத்துவிட்டார். 1926 தீ விபத்தில் அது போய்விட்டது, ஒரு பிரதிகூட மிச்சமில்லை. பெர்லினில் லோட்டே ரைனிகர் கறுப்புத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாவைகள் செய்தார், போட்ஸ்டாமில் ஒரு வங்கிக்காரர் வீட்டு கராஜுக்கு மேல் உட்கார்ந்து 1923 முதல் 1926 வரை 'இளவரசர் அஹமதின் சாகசங்கள்' படத்தை முடித்தார். கண்ணாடித்தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து ஆழம் காட்டினார், கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொண்டார். பாவையின் விரல் அசைவதை ஒரு தடவை கவனியுங்கள், வரையாமல் தப்பித்தவர்களில் இந்தப் பெண்மணி அளவுக்கு வேறு யாரும் அழகாகத் தப்பிக்கவில்லை. படம் அவர் பெயரிலேயே வந்தது, இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

நியூயார்க்கில் அப்படி இல்லை. 1920-களில் உலகம் முழுக்கத் தெரிந்த கார்ட்டூன் என்றால் ஃபீலிக்ஸ் பூனை. 1919-ல் வந்தது, பொம்மையாக விற்றது, அமெரிக்காவில் டெலிவிஷன் சோதனை நடந்தபோது கேமரா முன்னால் சுழலவிட்டது ஒரு ஃபீலிக்ஸ் பொம்மையைத்தான். ஏன் முழுக்கறுப்பு? வெளிக்கோடு நிறையப் போடவேண்டாம், கறுப்பாக நிரப்பிவிட்டால் போதும், அசையும்போதும் நன்றாக இருக்கும். பூனை யோசிக்கும், தலைக்கு மேல் கேள்விக்குறி வரும், அந்தக் கேள்விக்குறியை எடுத்துக் கொக்கியாக மாட்டிக்கொண்டு ஏறும். கோலின் கோமாளியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். படத்தில் வரும் பெயர் பாட் சல்லிவன். ஸ்டூடியோ முதலாளி, ஆஸ்திரேலியர். கதை யோசித்து, வரைந்து, படங்களை இயக்கி, பத்திரிகையில் காமிக்ஸும் போட்டது ஓட்டோ மெஸ்மர் என்ற அமைதியான மனிதர். காமிக்ஸில்கூடக் கையெழுத்து சல்லிவனுடையது. சல்லிவன் 1933-ல் இறந்தார், மெஸ்மரின் கையில் உரிமை எதுவும் இல்லை, அவர் டைம்ஸ் ஸ்கொயரில் மின்விளக்கு விளம்பரங்களுக்கு அசைவுப் படம் போடும் வேலைக்குப் போனார். வரலாற்றாய்வாளர்கள் அவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து நடந்ததை எழுதத் தொடங்கும்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஆஸ்திரேலியாவில் சிலர் இன்றும் சல்லிவன்தான் படைத்தார் என்பார்கள். அந்த ஸ்டூடியோவில் கூடவே வேலை பார்த்தவர்கள் மெஸ்மர் பக்கம்தான் சாட்சி சொல்கிறார்கள், எனக்கு அது போதும்.

இப்படிப் பார்த்தால் டிஸ்னி கதையும் வேறு மாதிரி தெரியும். 1928-ல் வால்ட் டிஸ்னி ஆஸ்வால்ட் என்ற முயலை வைத்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார், கூடுதல் பணம் கேட்க நியூயார்க் போனபோதுதான் தெரிந்தது, முயல் அவருடையதே இல்லை, உரிமை யுனிவர்சலிடம். அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரையும் விநியோகஸ்தர் சார்ல்ஸ் மின்ட்ஸ் ஏற்கனவே வளைத்துப்போட்டிருந்தார். வளையாமல் நின்றவர்களில் முக்கியமானவர் அப் ஐவர்க்ஸ். கிளம்பப்போகிற ஓவியர்கள் ஒப்பந்தப்படி மிச்ச முயல் படங்களை வரைந்துகொண்டிருக்க, அதே கட்டடத்தில் தனியாக ஒளிந்து உட்கார்ந்து மிக்கியின் முதல் படம் 'பிளேன் கிரேஸி'யை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தனி ஆளாக வரைந்து முடித்தார், ஒரு நாளைக்கு 700 ஓவியங்கள் வரை. கோல் தன் முதல் படம் முழுவதற்கும் போட்ட எண்ணிக்கை அது! 1928 நவம்பர் 18 அன்று 'ஸ்டீம்போட் வில்லி' சத்தத்தோடு வந்தது, அதன் தலைப்பில் ஐவர்க்ஸின் பெயரும் இருக்கிறது, டிஸ்னியைத் திட்டுகிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுவார்கள். இருந்தாலும் உலகத்துக்குத் தெரிந்தது ஒரு பெயர்தான், 1930-ல் ஐவர்க்ஸ் மனம் கசந்து விலகிப்போனார், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வரைவதை விட்டுவிட்டுக் கேமரா, ஆப்டிக்கல் வேலைகளில் இறங்கிவிட்டார். அந்த முயல் என்ன ஆனது என்றால், 2006-ல் என்பிசி யுனிவர்சலிடமிருந்து டிஸ்னிக்குத் திரும்பி வந்தது. பதிலுக்கு டிஸ்னி கொடுத்தது அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரின் ஒப்பந்தத்தை. ஒரு முயலுக்கு ஒரு மனிதர், கிரிக்கெட் ஏலத்தில்கூட இப்படி நடக்காது.

மெக்கே 1918-ல் 'லூசிடானியா மூழ்கியது' என்ற படத்தைத் தன் சொந்தச் செலவில் முடித்தார், இந்தத் தடவை அவரும் செல்லுக்கு மாறிவிட்டார், ஏறக்குறைய 25,000 ஓவியங்கள். கப்பல் சாயும்போது கடல் அலை ஒவ்வொன்றும் தனியாகச் சுருண்டு வரும், அந்தக் காலத்தில் வேறு யாரும் கிட்டே நெருங்கமுடியாத வேலை. அதற்குள் தொழில் அவரைத் தாண்டிப் போய்விட்டது. 1927-ல் நியூயார்க் அனிமேட்டர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு விருந்து வைத்தார்கள், பேச எழுந்தவர், நான் கலையாகக் கொடுத்ததை நீங்கள் வெறும் தொழிலாக்கிவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாரச் சம்பளத்துக்கு வரைகிறவர்கள், அவர்களில் பாதிப் பேர் கெர்ட்டியைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தவர்களாக இருப்பார்கள். எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது, ஆனால் சம்பளத்துக்கு வரைந்தவர்கள் இல்லையென்றால் நாம் யாரும் இன்று கார்ட்டூன் பார்த்திருக்கமாட்டோம். மெக்கே 1934-ல் போய்விட்டார். பிரே? 1978 வரை இருந்தார், 99 வயது.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை இது: முதலில் 'ஃபான்டாஸ்மகோரி', ஒன்றரை நிமிடம்தான். அடுத்து 'கெர்ட்டி', தொடக்கத்தில் வரும் கார் பஞ்சர், அருங்காட்சியகம், பந்தயம் எல்லாம் பின்னால் கொட்டகைகளுக்காகச் சேர்த்தது, அவசரமென்றால் தாண்டிவிடலாம். ஆனால் அதில் மெக்கேயோடு பந்தயம் கட்டுகிறவரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்தான் ஃபோர்ட் லீயில் கோலின் தொடரில் பெயர் வாங்கிக்கொண்ட ஜார்ஜ் மெக்மானஸ். அப்புறம் ஏதாவது ஒரு ஃபீலிக்ஸ், அதற்குப் பிறகு நேரம் ஒதுக்கி ரைனிகர். பின்னாளில் யாரோ சேர்த்த பியானோ இசை எரிச்சலூட்டினால் சத்தத்தை அணைத்துவிட்டே பாருங்கள், ஒன்றும் குறையாது. 'ஸ்டீம்போட் வில்லி'க்கு மட்டும் அணைக்கவேண்டாம்.